அருகில் மரம், தொலைவில் கை: ஓர் இரட்டைப் படத்தின் நிகழ்வு ஆய்வு

சுவரில் 30 செ.மீ. அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அரை மீட்டர் தள்ளி நின்றால் மூடுபனிக்குள் இலையுதிர்ந்த மரம் ஒன்று தெரிகிறது. பட்டையில் வெடிப்பு, சுள்ளியில் முடிச்சு என்று கண் அதிலேயே மேய்கிறது. நான்கு மீட்டர் பின்னால் போய்த் திரும்பிப் பார்த்தால் மரத்தைக் காணோம். விரல்களை விரித்தபடி ஒரு கை நிற்கிறது. தாளில் எதுவும் அசையவில்லை. 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பதைப் பலரும் தெருநாயை வைத்தே சொல்கிறார்கள். அது கல்லில் செதுக்கிய நாயைப் பற்றியது என்பாரும் உண்டு. அந்த இரண்டாவது பொருளுக்கு இந்தப் படத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சுவரில் இருப்பது ஐந்தாவது வடிவம். முந்தைய நான்கும் ஏன் விழுந்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலையைத் தொடங்கும்போது, ஒரு படத்துக்குள் இன்னொன்றை எப்படி மறைப்பது என்பதே கேள்வி என்று நினைத்தேன். முழுதாக மறைக்க முடியாது. ஏதாவது மிஞ்சும். அந்த மிச்சத்துக்குக் கண்ணிடம் என்ன காரணம் சொல்வது என்பதுதான் உண்மையான கேள்வி. இது எனக்கு உறைக்க இரண்டு வடிவங்கள் வீணாயின.

தூரம் என்ன செய்கிறது

எந்தப் படத்தையும் இரண்டாகப் பிரித்து யோசிக்கலாம். அகலமான வெளிச்சத் திட்டுகளும் நிழல் திட்டுகளும் ஒரு பக்கம். விளிம்பு, கோடு, சொரசொரப்பு மறுபக்கம். முதலாவதைத் தாழ் அதிர்வெண் என்றும் இரண்டாவதை உயர் அதிர்வெண் என்றும் சொல்வார்கள். கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் கோட்டு இணைகள் ஒரு பாகைக்குள் எத்தனை வருகின்றன என்பதே கணக்கு. பாகை என்றால் எவ்வளவு? கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் ஏறக்குறைய 2 பாகை. ஒரு பாகைக்கு 3 முதல் 5 இணைகள் வரை வரும்போது நம் கண் மிகக் கூர்மையாக இருக்கிறது. அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் உணர்திறன் குறைகிறது. 50, 60 என்று ஏறினால் நல்ல கண்ணுக்கும் வெறும் சாம்பல்தான்.

பின்னால் நகரும்போது படம் கண்ணில் சுருங்குகிறது. அருகிலிருந்து பாகைக்கு 4 இணையாக இருந்த பட்டையின் வெடிப்பு, எட்டு மடங்கு தள்ளிப் போனதும் 32 இணையாகிக் கரைந்துவிடும். அருகில் கண்ணின் கவனத்துக்கே வராத பெரிய திட்டுகள் அப்போது கூர்மையான வட்டத்துக்குள் வந்து உட்காரும். இரட்டைப் படத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இது புதிதல்ல. 1973இல் ஆய்வாளர்கள் லியோன் ஹார்மனும் பேலா யூலெஸும் லிங்கனின் முகத்தைச் சில நூறு கட்டங்களாக உடைத்துக் காட்டினார்கள். கிட்டத்தில் வெறும் கட்டம். தள்ளி நின்றாலோ கண்ணைச் சுருக்கினாலோ முகம். கட்டங்களின் விளிம்புகள் என்ற உயர் அதிர்வெண் குறுக்கீடுதான் முகத்தை மறைத்தது. 1994இல் பார்வை ஆய்வாளர்கள் ஃபிலிப் ஷின்ஸும் ஓட் ஒலிவாவும் ஒரே படத்தில் இரண்டு காட்சிகளைக் கலந்து காட்டினார்கள். 30 மில்லிவினாடி மட்டும் காட்டினால் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மங்கலான காட்சியைப் பற்றினார்கள். 150 மில்லிவினாடி காட்டினால் விளிம்புகளால் ஆன காட்சியை. 2006இல் ஒலிவா, அன்டோனியோ டொரால்பா, ஷின்ஸ் மூவரும் தூரத்துக்குத் தூரம் மாறும் படங்களைச் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார்கள். அருகில் ஐன்ஸ்டைன், தொலைவில் மர்லின் மன்றோ என்று கைப்பேசிகளில் சுற்றும் படம் ஒலிவா செய்தது.

என் கணக்கு இப்படி. படம் 1500 பிக்சல் அகலம். 30 செ.மீ.யில் அச்சிட்டால் ஒரு பிக்சல் 0.2 மி.மீ. 50 செ.மீ. தூரத்தில் ஒரு பாகைக்குள் சுமார் 44 பிக்சல் அடங்கும், 4 மீட்டரில் சுமார் 349. படத்தை மங்கலாக்கும் காசியன் பிளர் கருவி கேட்கும் ஆரத்தைத் திட்ட விலக்கமாக (மங்கல் எவ்வளவு பரவும் என்ற அளவாக) எடுத்துக்கொண்டு 0.187ஐ அதால் வகுத்தால், எந்த அதிர்வெண்ணில் மாறுபாடு (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம்) பாதியாகிறது என்று தெரியும். தொலைவில் தெரிய வேண்டிய படத்துக்கு 14 பிக்சல் பிளர், அருகில் தெரிய வேண்டிய படத்துக்கு 6 பிக்சல் ஹை பாஸ் (திட்டுகளை நீக்கி விளிம்புகளை மட்டும் விடும் வடிகட்டி) என்று வைத்து, இரண்டையும் ஒன்றாகக் கூட்டினேன். 50 செ.மீ.யில் முதலாவது 0.6 இணைக்குக் கீழே ஒதுங்கும், இரண்டாவது 1.4க்கு மேலே நிற்கும். கண் கூர்மையாக இருக்கும் 3, 4, 5 எல்லாம் இரண்டாவதன் கையில். 4 மீட்டரில் முதலாவது 4.7 வரை ஏறிவிடும்; இரண்டாவது 10.9க்கு மேலே தள்ளப்பட்டு மங்கத் தொடங்கும். 6க்கும் 14க்கும் இடையே வேண்டுமென்றே ஒரு பள்ளம் விட்டிருக்கிறேன். இரண்டு படமும் ஒரே எல்லையில் முட்டினால் எந்தத் தூரத்திலும் சண்டை ஓயாது.

தாளில் கணக்குச் சரியாக வந்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் வடிவம்: ஆளை மாற்றி உட்கார வைத்தது

முதலில் கையை அருகிலும் மரத்தைத் தொலைவிலும் வைத்தேன். ரேகைகள் ஓடும் உள்ளங்கையிலிருந்து பின்வாங்கினால் மரம் முளைக்கும் என்பது யோசனை. பின்வாங்கினேன். முளைத்தது ஒரு கம்பம்.

காரணம் எளிது. என் மரத்தின் கிளைகள் பெரும்பாலும் 8 பிக்சல் அகலம்தான். 14 பிக்சல் பிளரில் அந்தக் கிளையின் கருமையில் நூற்றுக்கு 22 பங்குதான் மிஞ்சும். 3 பிக்சல் சுள்ளி இருந்த இடமே தெரியாது. அடிமரம் மட்டும் 160 பிக்சல் அகலம் என்பதால் தப்பியது. மரத்தை மரமாக்குவது சுள்ளிகள். அவை எல்லாம் விளிம்புகள். கை அப்படியல்ல. ரேகையை அழித்தாலும் உருவத்திலேயே அது கை. ஆக மரம் அருகிலும் கை தொலைவிலும்தான் இருக்க முடியும். பத்து நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்; இரண்டு நாள் போனது. இப்போதெல்லாம் எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் பிளர் போட்டுப் பார்த்து, 'இப்போதும் நீ யாரென்று தெரிகிறதா?' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

இரண்டாவது வடிவம்: பின்னால் ஒரு கறை

இடம் மாற்றினேன். தொலைவில் கை அழகாக வந்தது. அருகில் மரமும் வந்தது. நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் அருகே நிறுத்தினேன்.

"மரம் நல்லாயிருக்கு. பின்னால என்ன, தண்ணி பட்டுடுச்சா?"

அவர் கையைப் பார்க்கவில்லை. அந்த அளவில் படம் வென்றதுதான். ஆனால் கையின் மங்கலான உருவம் வானத்தில் அழுக்குப் போல நின்றது. பாகைக்கு 0.6 இணைக்குக் கீழே கண் மந்தமாக இருக்கும் என்றால், குருடாகிவிடும் என்று பொருளில்லை. இருட்டாக ஏதோ இருக்கிறது என்பது தெரியும். தெரிந்தால் கண் காரணம் தேடும். மேகமில்லாத வானத்தில் காரணம் கிடைக்காதபோது 'கறை' என்று முத்திரை குத்திவிடும். கறை என்று ஒருமுறை தோன்றிவிட்டால் பார்ப்பவர் அதையே உற்றுப் பார்ப்பார். உற்றுப் பார்த்தால் விரல் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஜப்பானிய உளவியலாளர் அகியோஷி கிடாவோகா 2017இல் வெளியிட்ட ஸ்ட்ராபெரிப் படம் நினைவுக்கு வந்தது. படம் முழுக்க நீலப்பச்சை சாயல் ஏற்றப்பட்டிருக்கும். பழங்களில் ஒரு பிக்சல்கூடச் சிவப்பு இல்லை, சாம்பல்தான். ஆனாலும் பழம் சிவப்பாகவே தெரிகிறது. எங்கும் பரவிய நீலப்பச்சையை 'இது வெளிச்சத்தின் நிறம்' என்று கண் ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கியபின் சாம்பல் அதற்குச் சிவப்பாகிறது. அங்கே சாயல் ஒளிந்திருக்கவே இல்லை. பட்டவர்த்தனமாக இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் கைக்கும் அப்படி ஒரு காரணம் தேவைப்பட்டது.

மூன்றாவது வடிவம்: பனியும் கையுறையும்

காரணம் என்று நான் தேர்ந்தது பனி. பனிக்குள் தெளிவற்ற இருட்டுத் திட்டுகள் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். பனிக்காலைக் காட்சியை எடுத்து ஹை பாஸில் போட்டால் முதலில் காணாமல் போவது பனிதான். பனியின் வெண்மை எல்லாம் தாழ் அதிர்வெண். வடிகட்டியில் அப்படியே போய்விடும். வெட்டிய காகிதம் போல மரம் மட்டும் மிஞ்சும். மாலை முழுக்க அதை வெறித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தோன்றியது: பனி இருக்கிறது என்று நமக்குச் சொல்வது வெண்மை மட்டுமல்ல. முன்கிளையின் விளிம்பு அழுத்தமாகவும், பின்கிளையின் விளிம்பு மெலிந்தும், அதற்கும் பின்னால் உள்ளது கோடு போட்டு அழித்தது போலவும் இருப்பதும்தான். அந்தத் தேய்மானம் விளிம்புகளிலேயே இருக்கிறது. ஹை பாஸ் அதைத் தொடாது. மரத்தின் லேயருக்கு (அடுக்குக்கு) ஒரு மாஸ்க் (எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு) போட்டு, ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் போகப் போக மாறுபாட்டைக் குறைத்தேன். பின்னணியில் இரண்டு தூரத்து மரங்களின் விளிம்பை மட்டும் மிக லேசாகச் சேர்த்தேன். அவ்வளவுதான், கையின் மங்கல் உருவம் பனியாகிவிட்டது. பனி என்று நான் ஒரு பிக்சல்கூட வரையவில்லை. அடுத்துப் பார்த்தவர் கேட்டது, "விடியக்காலைல எடுத்ததா?"

இரண்டு உருவங்களும் பொருந்தியதும் இதில் உதவியது. மணிக்கட்டு அடிமரத்தின் மேல் உட்கார்ந்ததால், ஹை பாஸில் கருமையை இழந்து கூடாகிப்போன அடிமரத்துக்கு மணிக்கட்டு தன் கருமையைக் கடன் கொடுத்தது. ஐந்து பெருங்கிளையும் ஐந்து விரலோடு போனதால் அங்கும் அப்படியே. பொருத்துவதற்கு முதலில் படத்தை இழுத்து வளைக்கும் பப்பெட் வார்ப் கருவியில் கிளைகளை வளைத்தேன். 10 பாகையைத் தாண்டியதும் பட்டையின் வரிகள் ரப்பரைப் போல இழுபட்டன. அருகில் நிற்பவர் பார்ப்பது அந்த வரிகளைத்தான். ஆகவே மரத்தை விட்டுவிட்டுக் கையை வளைத்தேன். ஒரு கண்ணாடித்தாளில் மரத்தின் உருவரையை மார்க்கரால் வரைந்து, கேமராவின் திரையில் ஒட்டினேன். டிரைபாட்டில் கேமராவை நிறுத்தி, அந்தக் கோட்டுக்குள் விரல்கள் விழும்படி கையைப் பிடிக்கச் சொன்னேன். மென்பொருளில் மூன்று மணி நேரம் திணறியது படம் எடுக்கும் இடத்தில் இருபது நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் அன்று வெளிச்சத்தைத் தவறவிட்டேன். மரம் மேகமூட்டத்தில் எடுத்தது. அதனால் கைக்கும் நாலாபுறமும் சீரான மென்வெளிச்சம் கொடுத்தேன். இரண்டு ஒளியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது படங்களை ஒட்டுபவர்கள் எல்லோரும் படிக்கும் பாலபாடம். இங்கே அது காலை வாரியது. நான்கு மீட்டரில் தெரிந்தது கையல்ல, தொங்கவிட்ட கையுறை. ரேகையும் நகமும் மடிப்பும் பிளரில் போனபின், கைக்கு உடம்பு கொடுப்பது கட்டைவிரல் மேட்டின் நிழலும் உள்ளங்கைக் குழிவும்தான். நாலாபுற ஒளியில் அந்த நிழல் விழவே இல்லை. மறுபடி எடுத்தபோது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி, விரல்களுக்கு நடுவே குறைந்தது 40 பிக்சல் இடைவெளி. அந்த அகலம் இருந்தால் 14 பிக்சல் பிளருக்குப் பிறகும் இடைவெளியின் வெளிச்சத்தில் நூற்றுக்கு 85 பங்கு நிற்கும். 15 பிக்சலாக இருந்தால் 41தான், விரல்கள் ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது வடிவம்: எங்கிருந்தோ ஒரு வெண்திரை

இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. கை, பனி, பொருத்தம் எல்லாம் சரி. நான்கு மீட்டரில் கையும் தெரிந்தது. ஆனால் விரல்நுனிகளின் மேல் மட்டும் மெல்லிய வெண்திரை. கோப்பில் விரல்நுனியின் சராசரியை அளந்தேன். உள்ளங்கையை ஒட்டியே இருந்தது, வெளுத்திருக்கக் காரணமே இல்லை. வெண்திரை சுள்ளிகள் அடர்ந்த இடத்தில் மட்டும் இருந்தது என்பதுதான் துப்பு.

கோப்பில் 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. சுள்ளி விளிம்புகள் சாம்பலுக்கு மேலும் கீழும் சம அளவு ஆடுகின்றன: 78, 178, 78, 178. சராசரி 128. ஆகவே தொலைவில் அது 128 சாம்பலாகக் கரைய வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். கண் கலப்பது எண்களை அல்ல, ஒளியை. கோப்பில் உள்ள எண் ஒளியின் அளவல்ல. இருண்ட சாயல்களுக்கு அதிக எண்களை ஒதுக்கும் காமா வளைவில் மடித்து வைத்த எண். காமா 2.2 என்று எடுத்து விரித்தால், 178 தரும் கூடுதல் ஒளி 78 இழந்த ஒளியைவிட அதிகம். இரண்டின் சராசரி ஒளி, 128க்கு உரியதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். எண்ணாகத் திருப்பி மடித்தால் 139. சொரசொரப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தொலைவில் வெளுக்கும். மறைந்துவிட்டது என்று நினைத்த மரம் தன் ஆவியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது!

தீர்வு, கலப்பதை நேர்கோட்டு ஒளியில், அதாவது எண்ணும் ஒளியும் ஒரே விகிதத்தில் ஏறும் முறையில் செய்வது. ஃபோட்டோஷாப்பில் 32 பிட், ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் லீனியர் லைட் துல்லியம். இரண்டு படத்தையும் அங்கே பிரித்து, அங்கேயே கூட்டி, கடைசியில்தான் காமாவுக்குத் திரும்ப வேண்டும். வழக்கமான 8 பிட்டில் செய்பவர்கள் ஃபோட்டோஷாப்பில் ஹை பாஸ் லேயரை லீனியர் லைட் என்ற கலப்பு முறையில் (பெயர் ஒன்றுதான், ஜிம்ப்பின் துல்லியம் வேறு) 50 சதவீத ஒளிபுகாமையில் வைப்பார்கள். ஜிம்ப்பில் கிரெய்ன் மெர்ஜ் அதே கூட்டலைச் செய்யும். திரையில் பார்த்துக் களிக்க அது போதும். எட்ட நின்று பார்க்கும் படத்துக்குப் போதாது.

நேர்கோட்டு ஒளிக்குப் போனதும் இன்னொரு தொல்லை. கையின் இருண்ட பகுதிகளில் சுள்ளியின் கருமையைக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கீழே இடமில்லாததால் அந்தப் பாதி வெட்டுப்பட, மறுபாதி மட்டும் நிற்கிறது, மறுபடி வெளுப்பு. கையின் நிறவீச்சை 60 முதல் 200 வரை சுருக்கி, மேலும் கீழும் சுள்ளிகளுக்கு இடம் விட்டேன். கை தனியாகப் பார்க்க வெளிறிப்போய்ச் சோகையாகத்தான் இருந்தது. மரம் ஏறியதும் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஐந்தாவது வடிவமும் பார்த்தவர்களும்

கோப்பு தயாராகி அச்சுக்குப் போனது. முதல் பிரதியில் ஆறு மீட்டர் போனாலும் மரம் அகலவில்லை. அச்சிட்ட இடத்தில் வழக்கம்போல் இயந்திரமே கூர்மையைக் கூட்டியிருக்கிறது. கூர்மை என்பதே உயர் அதிர்வெண்ணைத் தூக்கிவிடுவதுதான். நான் கணக்குப் போட்டு வைத்த சமநிலை மொத்தமும் மரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'எந்தத் திருத்தமும் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து, பளபளப்பில்லாத தாளில் மறுபடி எடுத்தேன்.

அதற்குள் என் கண் கெட்டுப்போயிருந்தது. வாரக்கணக்கில் கையையும் மரத்தையும் தனித்தனியே பார்த்தவனுக்கு அரை மீட்டரிலேயே விரல்கள் தெரிந்தன. இந்த வேலையில் செய்தவனின் தீர்ப்புக்கு மதிப்பில்லை. ஒருமுறை பார்த்தவருக்கும் இல்லை. ஆகவே ஒவ்வொருவரையும் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்த முடிந்தது. தீர்ந்துபோகும் பொருளைப் போலச் சிக்கனமாகக் கூப்பிட்டேன். கேள்வியும் ஒன்றுதான்: என்ன தெரிகிறது?

தொலைவிலிருந்து நடந்து வந்தவர்கள் கையைப் பார்த்து, பிறகு மரத்தைப் பார்த்து, திரும்ப ஓரடி பின்வாங்கினார்கள். அருகில் தொடங்கியவர்கள் மரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். அவர்களைப் பின்னால் போகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதுமே பாதி வியப்பு போய்விட்டது. படத்தை நீண்ட நடைவழியின் கோடியில் மாட்டியது இதனால்தான்.

2 மீட்டர் என்பது யாருக்கும் பிடிக்காத இடம். அங்கே கை 2.3 இணை வரையிலும் மரம் 5.4க்கு மேலும் வந்து, கண்ணின் கூர்மையான வட்டத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. "மங்கலா இருக்கு" என்று அங்கே நின்றவர் சொன்னது மிகச் சரியான வாசிப்பு. அதைத் தீர்க்க வழி தெரிந்தும் தீர்க்கவில்லை. பள்ளத்தை இன்னும் அகலமாக்கினால் இரு படங்களுமே மெலிந்துவிடும்.

ஒருவர் அருகில் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிட்டப்பார்வைக் கண்ணாடி, கனமானது. தலையைத் தூக்கியவர், "அய்யோ, கை!" என்றார். நகரவே இல்லை. நான்கு மீட்டர் நடந்து மற்றவர்கள் செய்ததை அவருடைய கண் நின்ற இடத்திலேயே செய்துவிட்டது. படத்தை நேரே பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்தாலும் கை லேசாக எட்டிப்பார்க்கும், ஏனென்றால் ஓரப்பார்வைக்கு நுண்கோடுகள் எட்டாது. ஓவியர்கள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திட்டுகளை அளப்பதும் இதற்குப் பக்கத்து வீடுதான்.

கைப்பேசிக்கு இதே கோப்பை அனுப்பியபோது எல்லாம் தலைகீழானது. உரையாடலில் விழும் சிறு உருவிலேயே கை தெரிந்துவிட்டது, தொட்டுப் பெரிதாக்கினால்தான் மரம். போதாக்குறைக்கு அனுப்பும் செயலி ஜேபெக் சுருக்கத்தில் சுள்ளிகளைத் தின்றிருந்தது. கைப்பேசிக்கென்று தனியாக ஒன்று செய்தேன். 1080 பிக்சல் படம், 7 செ.மீ. அகலத் திரை, 30 செ.மீ. தூரம் என்றால் பாகைக்கு 81 பிக்சல். சுவரில் அரை மீட்டரில் கிடைத்த அதே பிரிவு வேண்டுமானால் மரத்துக்கு 6க்குப் பதில் 11, கைக்கு 14க்குப் பதில் 26. 11 என்று வைத்ததும் மரத்துக்குச் சற்றே பருத்த கோடுகளும் கிடைத்தன. சுருக்கத்தில் அவை அவ்வளவாகச் சேதமாகவில்லை. சிறு உருவில் கை முந்திக்கொள்வதை மட்டும் எந்த எண்ணாலும் தடுக்க முடியவில்லை. சிறிதாக்குவதும் தள்ளி நிற்பதும் கண்ணுக்கு ஒன்றுதான்.